குகைக்கு அவள் பெயர் இல்லை

கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் ஓர் இடத்துக்கு 1991 வரை வேறு பெயர் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'டெவில்ஸ் கிச்சன்' என்றார்கள். 'குணா' படம் வந்த பிறகு அது குணா குகை ஆகிவிட்டது. அந்தப் படத்தில் ஓர் ஆண் ஒரு பெண்ணைக் கடத்திக் கொண்டுவந்து இந்த மலையில் வைத்திருக்கிறான். கடத்தியவன் பெயர் குகைக்கு இருக்கிறது. கடத்தப்பட்டவள் பெயர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக யாருக்கும் இது உறுத்தவில்லை. உறுத்தாமல் பார்த்துக்கொண்டது ஒரு பாட்டு.

'கண்மணி அன்போடு காதலன்' என்று தொடங்கும் அந்தப் பாட்டை அறியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. வாலி எழுதியது. கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடியது. இசை இளையராஜா. நான் அவர் பிறந்த பண்ணைப்புரத்துக்காரி. மேற்குத்தொடர்ச்சி மலைக்குக் கீழே, கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையில் இருக்கும் இந்த ஊரில் அவர் பாட்டைப் பற்றி எதிர்வார்த்தை சொல்வது வீட்டுச் சாமியைத் திட்டுவது மாதிரி. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தப் பாட்டு மோசமான பாட்டாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. அது அவ்வளவு நல்ல பாட்டு என்பதுதான் பிரச்சினை.

பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். அவனுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அந்தக் கடிதம் யாருக்கு? அவளுக்கேதான். அதாவது, சிறை வைத்தவன் சிறைப்பட்டவளுக்கு எழுதும் காதல் கடிதத்தைச் சிறைப்பட்டவளே எழுதிக் கொடுக்கிறாள். இன்னொன்றையும் கவனியுங்கள். தொடக்கத்தில் அவன் பேசுகிறான், அவள்தான் பாடுகிறாள். அவன் வாயில் தடுமாறி வரும் பேச்சு ஜானகியின் குரலில் ஏறியதும் ராகமாகிறது. அவனுடைய காதலைப் பாட்டாக்கும் உழைப்பு அவளுடையது. கேட்கிற நாமோ 'என்னமாய்க் காதலிக்கிறான்' என்று அவனுக்காக உருகுகிறோம்.

அவன் உணர்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே உருகுகிறான். தன் காயத்தைப் பொருட்படுத்தாதவன், தன் துக்கம் அவளைத் தொட்டுவிடுமோ என்று அழுகையைக்கூட அடக்கிக்கொள்கிறான். காவல் காக்கும் காதலின் முதல் உருவகம் இந்தக் காயம். காதலிப்பவன் உடம்பு எதையும் தாங்கும்; காதலிக்கப்படுபவள் உடம்பு எதையும் தாங்காது. கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால் இந்தக் கணக்கை ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்ததெல்லாம் தானாக வந்துவிடும். தாங்காதவளைத் தனியே விடக்கூடாது. தனியே விடக்கூடாதவளுக்குக் கதவு திறந்திருக்கக்கூடாது. பூ, கண்ணாடி, கண்மணி என்று எந்தப் பெயரில் கொஞ்சினாலும் அந்தக் கொஞ்சலுக்கு அடியில் ஒரு பூட்டு தயாராகிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது உருவகம் தெய்வம். படத்தில் அவள் பெயர் ரோகிணி. அவன் அவளை அபிராமி என்கிறான். பௌர்ணமியில் தன்னை மணக்க வரவேண்டிய தேவி இவள்தான் என்று நம்புகிறான். இதற்குப் பின்னால் திருக்கடையூர்க் கதை இருக்கிறது. அமாவாசையன்று பௌர்ணமி என்று சொல்லிவிட்டார் அபிராமி பட்டர். பக்தன் வாக்கைக் காப்பாற்ற அன்னை தன் தாடங்கத்தைக் கழற்றி வானில் வீசி நிலவாக்கினாள். அந்தக் கதையில் அம்மன் தானாக விரும்பி வருகிறாள். அவளை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. படத்திலோ பக்தன் பார்த்த நிலவை மெய்யாக்கும் பொறுப்பு ஒரு சாதாரணப் பெண்ணின் தலையில் விழுகிறது. பாட்டில் அவள் தாலாட்டும் தாயாகிறாள், சிவனில் பாதியாகிறாள். எல்லாம் ஆகிறாள், ரோகிணி மட்டும் ஆகமுடியவில்லை. தெய்வமாக்கப்பட்டவளால் 'எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்' என்று சொல்ல முடியாது. சாமி கருவறையை விட்டு எங்கே போகும்?

'அவன் மனநோயாளி, அவனிடம் போய் நியாயம் பேசுகிறாயே' என்பார்கள். குணாவின் மேல் எனக்கு வழக்கில்லை. அம்மா நடத்தும் பாலியல் தொழில் விடுதியில் வளர்ந்து, அந்த வலியிலிருந்து ஒரு தேவியைக் கற்பனை செய்துகொண்டவன் அவன். அவன்மேல் இரக்கம்தான் வருகிறது. மனநோய் உள்ளவர்களை ஆபத்தானவர்களாகக் காட்டும் பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. என் வழக்கெல்லாம், எந்த நோயும் இல்லாத ஆண்கள் அவன் காதலை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்களே, அதோடுதான். படத்தில் நோயாக இருப்பது, பாட்டைத் தனியே பிரித்து எடுத்ததும் இலட்சியமாகிவிடுகிறது. கல்யாண வீடியோவிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஓடும்போது அந்தப் பாட்டோடு கடத்தல் வருவதில்லை, காதல் மட்டும்தான் வருகிறது.

'கடைசியில் அவளும் அவனை விரும்பினாளே' என்பது அடுத்த வாதம். விரும்பினாள்தான். தப்பிக்க வழியில்லாத இடத்தில் பிறந்த அன்பை அன்பு என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொள்ள முடியாது. போகவும் வழி இருந்து, போகாமல் நின்றால்தான் நின்றதற்கு அர்த்தம். அப்படி ஒரு நாளைக் கதை அவளுக்குக் கொடுக்கவே இல்லை. அவள் சாகிறாள், உடலைத் தூக்கிக்கொண்டு அவன் பள்ளத்தில் குதிக்கிறான். செத்த பிறகும் அவளுக்குத் தனி வழி இல்லை.

நான் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவிகள் வாயில் இப்போது அடிக்கடி வரும் ஒரு சொல் 'பொசசிவ்'. "அவன் ரொம்ப பொசசிவ் மேம், அவ்வளவு பிரியம்" என்கிறார்கள். போனின் பாஸ்வேர்டு வேண்டும், லைவ் லொகேஷன் போட வேண்டும், வகுப்புத் தோழனோடு பேசினால் முகம் தூக்க வேண்டும். இவையெல்லாம் அன்புக்குச் சாட்சிகள். சொத்து வைத்திருப்பவனுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லின் உறவுக்காரச் சொல் இது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். 'உடைமையாளன்' என்று தமிழில் சொன்னால் சிரிப்பு நின்றுவிடுகிறது. மறுத்தால் என்ன ஆகும் என்பதும் இந்த மாநிலத்தை ஒட்டியே நடந்திருக்கிறது. 2012 நவம்பரில் காரைக்காலில், காதலை மறுத்த இளம் பொறியாளர் ஒருவர்மேல் அமிலம் வீசப்பட்டது. 2013 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். அமிலம் வீசச் சொல்லி எந்தப் பாட்டும் கற்றுத்தரவில்லை. ஆனால் 'நான் இவ்வளவு உருகுகிறேன், அதனால் நீ எனக்குக் கடன்பட்டவள்' என்ற கணக்கை நூற்றுக்கணக்கான பாட்டுகள் கற்றுத்தந்திருக்கின்றன.

இந்தக் கணக்கு சினிமாவில் தொடங்கியதும் அல்ல, காதலனோடு முடிவதும் அல்ல. எங்கள் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே பெண்கள் ஜீப் ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு உயிரைப் பிடித்துக்கொண்டு போகும் அந்தப் பயணத்தில் 'பொம்பளைப் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை' என்று யாரும் தடுப்பதில்லை. அதே வீட்டுப் பெண் தேனியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன் என்றால் பாதுகாப்பு வந்துவிடுகிறது. தானே ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றால் அரிவாளோடு வந்துவிடுகிறது. அவள் உழைக்கப் போகும்போது தூங்கி, அவள் தேர்ந்தெடுக்கும்போது விழிக்கும் காவல் யாருக்கான காவல்? 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அகமணம் இல்லாமல் சாதி இல்லை. பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் அகமணம் இல்லை. உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் குழந்தை மணமும் அந்தக் கட்டுப்பாட்டின் வடிவங்கள் என்று அன்றே பிரித்துக் காட்டினார். உடன்கட்டை ஏற்றியவர்களும் அதற்குத் தெய்வீகம் என்றுதான் பெயர் வைத்தார்கள்.

மலைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். சேலத்தில் ஓமியோபதி படித்த ஹாதியாவுக்கு அப்போது 24 வயது. அவர் தேர்ந்துகொண்ட மதமும் மணமும் அவர் முடிவாக இருக்க முடியாது என்று 2017 மே மாதம் கேரள உயர்நீதிமன்றம் அவர் திருமணத்தை ரத்து செய்தது. வைக்கத்தில் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பியது. காரணம், அவர் எளிதில் ஏமாற்றப்படக்கூடியவராம். மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார். 2018 மார்ச் 8 அன்றுதான் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளித் திருமணத்தைச் செல்லும் என்றது. அந்த வீட்டிலும் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருந்ததால்தான் பூட்டு நியாயமாகத் தெரிந்தது.

நம் பழைய இலக்கியம் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. சங்க அகப்பாடல்களில் 'இற்செறிப்பு' என்று ஒரு துறை உண்டு. மகளின் காதல் தெரிந்ததும் தாய் அவளை வீட்டுக்குள் வைத்துக் காவல் போடுவது. எந்தப் புலவரும் அந்தக் காவலைக் காதல் என்று பாடவில்லை. அது காதலுக்குத் தடை. அவள் மெலிவதற்குக் காரணம். தோழி அந்தத் தடைக்கு எதிரே நின்று பேசுகிறாள். பேச்சு பலிக்காவிட்டால் தலைவி தன் காலால் நடந்து உடன்போகிறாள். வள்ளுவரும் சிறை வைத்துக் காப்பதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, பெண் தன் நிறையால் தன்னைக் காத்துக்கொள்வதே தலையான காவல் என்று முடித்துவிட்டார். வாசலில் நின்ற காவல்காரன் அங்கே அவள் மனதுக்குள் குடியேறினான். இன்றைக்கு லைவ் லொகேஷனைத் தானே போட்டுக்கொடுத்துவிட்டு 'கேரிங்' என்று பெருமைப்படுகிறவளிடம் குடியிருப்பவனும் அவனேதான்.

அடைபட்டவள் கையில் பேனா கிடைத்தால் அவள் பிறர் சொல்வதைத்தான் எழுத வேண்டுமா? துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்த பருவத்தில் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு பெண் இருந்தார். மணமான பிறகும் இரவில் கழிப்பறையில் நின்று, காலண்டர் தாளின் துண்டுகளில் கவிதை எழுதி ஒளித்து வைத்தார். அவற்றை அவர் அம்மா வெளியே கடத்திக் கொடுத்தார். சல்மா என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். 2001-இல் அதே ஊரின் பேரூராட்சித் தலைவரானார். ரோகிணிக்கு இன்னொருவன் பெயர் வைத்தான், வாசகமும் சொன்னான். சல்மா பெயரையும் வாசகத்தையும் தானே எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் கையிலும் பேனா இருந்தது. ஒன்று பூட்டை அலங்கரித்தது, இன்னொன்று பூட்டை நெம்பியது.

2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் இந்தப் பாட்டை மறுபடி எல்லோர் வாயிலும் கொண்டுவந்தது. 2006-இல் அதே குகைப் பள்ளத்தில் விழுந்த நண்பனைக் காப்பாற்ற, ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிய உண்மைச் சம்பவம் அது. மனிதர் அறிந்த காதலுக்கு மேலானது என்று குணா சொன்ன சொல் அங்கே ஒலிக்கும்போது திரையரங்கம் கைதட்டியது. எனக்கும் புல்லரித்தது. அதே குகை, அதே பாட்டு. ஆனால் அங்கே உள்ளே இருப்பவனை வெளியே எடுக்க எல்லோரும் துடிக்கிறார்கள். குணாவில் உள்ளே இருப்பவள் வெளியே போகாமலிருக்க நாம் ஆசைப்படுகிறோம். ஆணின் விஷயத்தில் கயிறாக இறங்கிய அன்பு, பெண்ணின் விஷயத்தில் கதவாக மூடிக்கொள்கிறது. அந்த ஆண்டு மே மாதம், அனுமதியில்லாமல் பாட்டைப் பயன்படுத்தியதாக இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று ஊரே விவாதித்தது. பாட்டுக்குள் இருப்பவள் யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்துவிட்டோம் போல.

பாட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை, தோழிகளே. கேளுங்கள். எனக்கும் அது பிடிக்கும். கேட்கும்போது சில கேள்விகளைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யார்? பேனா அவள் கையில், வார்த்தை யாருடையது? அவள் வேண்டாம் என்றால் இந்தக் கனிவு அப்படியே இருக்குமா, குரல் மாறுமா? கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது? பாட்டிடம் கேட்டுப் பழகினால், உங்களைக் கண்மணி என்று கூப்பிடுகிறவனிடமும் கேட்க வாய் வரும். அண்ணனிடமும் அப்பாவிடமும் கேட்க வரும். கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்கிற அன்பை வீட்டுக்குள் விடலாம். மற்றதற்கு எத்தனை இனிமையான மெட்டு இருந்தாலும் அதன் பெயர் காவல்தான்.