யாருடைய சராசரி?

தன் வாழ்க்கை குறித்து அவரவர் கொண்டுள்ள பார்வையே வாழ்க்கைத்தரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஆனால் அறிவுசார் குறைபாடு உடையோரின் வாழ்க்கைத்தரத்தை அளக்க 1993இல் அமெரிக்காவில் ஷேலக்கும் கீத்தும் உருவாக்கிய வினாப்பட்டியலைப் பாருங்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மதிப்பெண். பேச இயலாதவருக்காக அவரை நன்கறிந்த இருவர் தனித்தனியே விடையளிப்பர். அவற்றின் சராசரியே அவரது வாழ்க்கைத்தரமாம்!

நுண்ணறிவு ஈவைத் தவிர வேறெதையும் கேளாதிருந்த காலத்தை இத்தகைய பட்டியல்கள் கடந்துவந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் மறுப்பது அந்தச் சராசரியை. ஒருவர் 3 என்கிறார், மற்றவர் 1 என்கிறார். 2 என்று எவருமே சொல்லவில்லை. வீட்டுச் சாவி அவரிடம் இருக்கிறதா, பணத்தைச் செலவிட முடிவெடுப்பவர் யார் என்றெல்லாம் பட்டியல் கேட்கிறது. நல்ல கேள்விகள்தாம். விடையளிப்பவரோ பல வேளைகளில் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர்.

எந்தத் தட்டைக் கண்டு முகம் திருப்புகிறார், எவர் காலடியோசைக்குச் சிரிக்கிறார் என்று மாதக்கணக்கில் பார்த்து எழுதலாம். பார்த்த இருவர் முரண்பட்டால் இரண்டையும் அருகருகே எழுதிவைக்கலாம். கூட்டுத்தொகை இல்லாத தாளை எந்த அலுவலகமும் விரும்பாது என்பதும் நமக்குத் தெரியும்.