காலையில் ‘தயங்கும்’ ஜேசிபி: மலைக் குளிரில் வால்வுக்குள் என்ன நடக்கிறது?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திண்டுக்கல் மாவட்டத்தின் ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி பக்கம் போய் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இரவு மழையில் மண் சரிந்து பாதி ரோடு மூடியிருக்கும். விடிந்ததும் ஜேசிபி வந்து நிற்கும். ஒரு பக்கம் காத்திருக்கும் பஸ், காய்கறி வேன். இன்னொரு பக்கம் பள்ளம். ஆப்பரேட்டர் லீவரைத் தள்ளுகிறார். பக்கெட் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, திடீரென அசைகிறது. லீவரை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் கொஞ்சம் கூடுதலாகப் போய்த்தான் நிற்கிறது. ‘வண்டி இன்னும் முழிக்கல’ என்பார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது கொடைக்கானல் பகுதியில் மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, சாலைகள் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாட்களில் மலைக்கிராமங்களுக்கு வழி திறப்பது இந்த மிஷின்கள்தான். (மலையை வெட்ட இவற்றை அனுமதிக்கலாமா என்பது வேறு விவாதம்.) அதனால் அந்த ‘முழிக்காத’ நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜேசிபியின் கைக்குத் தசை போல இருப்பது ஹைட்ராலிக் சிலிண்டர். அதற்குள் எவ்வளவு ஆயில், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்வது வால்வு. வால்வுக்குள் ‘ஸ்பூல்’ என்ற எஃகுத் தண்டு, ஒரு துளைக்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. தண்டுக்கும் துளைச் சுவருக்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு.

இவ்வளவு நெருக்கத்தில் உராய்வு இல்லாமல் இருக்காது. ஆட்டம் கண்ட பழைய குழாய்த் திருகை நினைத்துப் பாருங்கள். மூடிய நிலையிலிருந்து பாதி வரை திறந்தால் ஒரு அளவு தண்ணீர் வரும். முழுக்கத் திறந்துவிட்டு அதே பாதிக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் வேறு அளவு வரும். திருகு நிற்கும் இடம் ஒன்றுதான். வந்த வழி வேறு, விளைவும் வேறு. இதற்குப் பெயர் ஹிஸ்டெரிசிஸ். 1880-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் பேராசிரியராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் ஈவிங், காந்தங்களை ஆராய்ந்தபோது, ‘பின்தங்குதல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை உருவாக்கினார். நம் பிளஸ் டூ இயற்பியல் இதைக் ‘காந்தத் தயக்கம்’ என்கிறது. ஜேசிபிக்கும் பொருந்துகிற அழகான சொல்.

மின்சாரக் காயில் தள்ளும் நவீன வால்வுகளில் இரண்டு தயக்கமும் சேர்ந்துகொள்ளும்: இரும்பின் காந்தத் தயக்கம், ஸ்பூலின் உராய்வுத் தயக்கம். அதைக் குறைக்க, காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தில் வேண்டுமென்றே ஒரு சிறு நடுக்கத்தைக் கலக்கிறார்கள். ஸ்பூல் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், நகரச் சொன்னதும் நகரும்.

இதன் மேல்தான் குளிர் வந்து உட்காருகிறது. ஹைட்ராலிக் ஆயில் டப்பாவில் 46, 68 என்று எண் போட்டிருக்கும். அது 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை. ஆனால் மலையின் டிசம்பர் காலை 40 டிகிரியில் விடிவதில்லை. 15 டிகிரியில் 68-ஆம் எண் ஆயில் சுமார் 4 மடங்கு கெட்டியாகிவிடும். ஆறிப்போன பாயசம் மாதிரி. பம்புக்கு அதை இழுப்பதே கஷ்டம். ஸ்பூலுக்கு அதைத் தள்ளிக்கொண்டு நகர்வது இன்னும் கஷ்டம். கறாராகச் சொன்னால், இந்தத் தாமதம் ஹிஸ்டெரிசிஸ் அல்ல. மெதுவாக நகர்த்தினால் இது குறையும். ஹிஸ்டெரிசிஸ் எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் இருக்கும். ஆனால் லீவரைப் பிடித்திருக்கும் கைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அசையவில்லையே என்று ஆப்பரேட்டர் இன்னும் கொஞ்சம் தள்ளுவார்; வால்வு தேவைக்கு மேல் திறந்துவிடும். பள்ளத்தின் ஓரத்தில், பக்கத்தில் ஆட்கள் நிற்கும்போது நடக்கிற விஷயம் இது.

மதியத்தில் கதை தலைகீழ். ஆயில் 80 டிகிரியைத் தொட்டால், காலையில் இருந்த கெட்டித்தன்மையில் சுமார் 20-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தச் சில மைக்ரான் இடைவெளி வழியே அது கசிய ஆரம்பிக்கும். தூக்கி நிறுத்திய கை, யாரும் தொடாமலே மெல்ல இறங்கும். 82 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓடினால் பல ரப்பர் சீல்கள் கெட்டியாகி உயிர்விடும். காயிலின் செம்பும் சூடேறச் சூடேற மின்தடை கூடும்: 70 டிகிரி ஏறினால் கால் பங்குக்கு மேல்.

இதற்கெல்லாம் தீர்வு புதிதில்லை. இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பிறகு சுமையில்லாமல் கையையும் பக்கெட்டையும் நாலைந்து தடவை மெல்ல ஏற்றி இறக்கி, ஆயிலைச் சூடாக்க வேண்டும். தயாரிப்பாளர்களின் கையேடுகளும் இதைத்தான் சொல்கின்றன. அப்படியிருந்தும் ஏன் நடப்பதில்லை?

மணி வாடகைதான் காரணம். இன்ஜின் ஓடினால் மணி மீட்டர் ஓடும். ‘மீட்டர் ஓடுது, வேலை ஓடலையே’ என்று வாடகைக்கு எடுத்தவர் கேட்பார். நடுவில் மாட்டிக்கொள்ளும் ஆப்பரேட்டர், குளிர்ந்த மிஷினை நேராக மண்ணில் இறக்குகிறார். தவறு அவருடையது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குக் காசு தர யாரும் தயாரில்லை என்பதுதான் உண்மையான கோளாறு.

மலைச்சாலைப் பணிக்கு மிஷின் எடுக்கும் அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும். ஒன்று, சூடேற்றும் நேரமும் வேலை நேரமாகக் கணக்கிடப்படும். இரண்டு, சமவெளியிலிருந்து வரும் மிஷினில் இருக்கும் ஆயில் மலைக் குளிருக்கு ஏற்றதா என்று, தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து, மழைக்காலத்துக்கு முன்பே சரிபார்க்கப்படும். மதிய வேளைக்கான சோதனைக்குச் செலவே இல்லை. ஆட்களைத் தள்ளி நிற்கவைத்து, கையைத் தூக்கி நிறுத்தி, லீவரை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிய இறங்கினால், பழுது பார்க்கும் வரை அந்த மிஷினைச் சரிவில் நிறுத்தக் கூடாது.