வெல்லம் தூசியை அகற்றுமா?

ஓசூர் சிப்காட் வளாகத்துப் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளிலும், கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்துக் கிரானைட் கூடங்களிலும், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, ஜிகனி வரையிலும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நிலைபெற்றிருக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: பகலெல்லாம் தூசியைச் சுவாசித்தவன் மாலையில் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டால், உள்ளே போன தூசி முழுவதும் வெளியேறி, நுரையீரல் பழையபடி சுத்தமாகிவிடும் என்பதே அது. வெல்லத்தின் ஸ்தானத்தில் வாழைப்பழத்தை வைப்பாரும் உளர், ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்பவர்களோ ஒரு டம்ளர் பாலைச் சொல்வார்கள். பட்டறை முதலாளி தம் கைக்காசில் வெல்லம் வாங்கி வைத்து, வேலையாட்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கும் காட்சியில் மெய்யான அன்பு இருப்பதால், இதை எதிர்த்துப் பேசுகிறவன் நன்றி கெட்டவனாகத் தோன்றக்கூடும். ஆயினும், அன்போடு சொல்லப்பட்ட பிழை அன்பில்லாமல் சொல்லப்பட்ட பிழையைக் காட்டிலும் ஆழமாக வேரூன்றுகிறபடியால், இதைச் சற்று விரிவாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு அநுபவத்தின் ஆதாரம் ஓரளவு இல்லாமலில்லை. கிரைண்டரில் நின்று வேலை செய்தவன் மறுநாள் காலையில் காறித் துப்பினால் கறுப்பாகச் சளி வருகிறது; முந்திய மாலையில் அவன் வெல்லம் தின்றிருக்கிறான்; ஆகவே வெல்லமே அதை வெளியே கொணர்ந்தது என்று அவன் முடிவு கட்டுகிறான். உண்மையில், மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் இரவும் பகலும் அசைந்துகொண்டே, சளியில் ஒட்டிய பெரிய துகள்களைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. வெல்லம் தின்னாதவனுக்கும் இந்தச் சேவை குறைவின்றி நடக்கிறது. இனிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்து வறண்ட தொண்டைக்கு இதமளிப்பது மெய்தான்; ஆனால் தின்ற வெல்லம் உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குப் போகிறதேயன்றி, மூச்சுக்குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

பாலின் கதையும் இதே மாதிரிதான். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்கையில் எழும் புகையைச் சுவாசித்தவனுக்குச் சில மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் கண்டு, வாயில் உலோகச் சுவை தட்டி, ஓரிரு நாளில் தானாகவே தணிந்துவிடுகிறது. தானாக நீங்கும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது ஔஷதமாகிவிடும்; பால் குடித்ததால் காய்ச்சல் விட்டது என்பது, கோழி கூவியதால் பொழுது விடிந்தது என்பதற்கு ஒப்பானது.

மயிரிழைகளின் ஆளுகைக்கு அப்பாற்பட்ட தூசியே நம்மைக் கவலைக்குள்ளாக்க வேண்டிய தூசி. மனிதத் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் கடைசி அறைகள்வரை எட்டுவதோ ஏறத்தாழ 4 மைக்ரானுக்கு உட்பட்ட துகள். அந்தக் காற்றறைகளில் மயிரிழைகள் கிடையா. தூசியை விழுங்கி அப்புறப்படுத்தும் காவல் அணுக்களே அங்கே உண்டு. கிரானைட்டில் கால் பங்கோ அதற்கு மேலோ கலந்திருக்கும் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, விழுங்கிய அணுவையே கொன்றுவிடும் இயல்புடையது. செத்த அணுவிலிருந்து விடுபட்ட துகளை வேறோர் அணு விழுங்குகிறது, அதுவும் சாகிறது, இவ்வாறு தொடரும் புண்ணைச் சுற்றி வடு கட்டி, பஞ்சு போன்ற நுரையீரல் இறுகிப்போவதற்கே சிலிக்கோசிஸ் என்று பெயர். அதற்குச் சிகிச்சை இருக்கிறதேயன்றி நிவாரணம் இல்லை. வேலையை விட்டுப் போன பிறகும் அது வளரக்கூடும். காச நோய்க்கு அது வாசலைத் திறந்துவிடுவதும், எக்ஸ்ரே படத்தில் காசத்தைப் போலவே தோன்றுவதும் கூடுதலான கொடுமை. காசம் என்றே எண்ணிப் பல மாதம் மாத்திரை தின்று, இருமலோடு ஊர் திரும்புகிறவன், தன் நோயின் பெயரைக்கூட அறியாமற் போகிறான். 1997ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியானவற்றின் வரிசையில் சேர்த்தது. வெல்டிங் புகையும் பின்னர் அதே வரிசைக்கு வந்து சேர்ந்தது.

வெல்லத்தின் கட்சியைப் பேசுவோர், விஞ்ஞான ஆதாரமும் தங்கள் பக்கம் இருப்பதாகச் சொல்வதுண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. லக்னோவிலுள்ள தொழில்துறை நச்சியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளின் மூச்சுக்குழாய் வழியே நிலக்கரித் தூசியையும் சிலிக்காத் தூசியையும் செலுத்தி, வெல்லம் ஊட்டிப் பார்த்ததில், நுரையீரலிலிருந்து துகள்கள் நகர்ந்து செல்வது அதிகரித்ததாக அவர்கள் கண்டார்கள். நல்லது, எலிகளுக்கு நம் வாழ்த்துக்கள். ஆனால் அந்த எலி நாள்தோறும் எட்டு மணி நேரம் கிரைண்டருக்கு முன் நின்று இருபது வருஷம் வேலை செய்யவில்லை. வெளியே போகும் தூசியைக் காட்டிலும் உள்ளே வரும் தூசி தினந்தோறும் மிகுந்துகொண்டே போகும் மனிதனுக்கு, எலியின் சாட்சியம் எம்மட்டில் பயன்படும்? ஆய்வு செய்தவர்களின் அடக்கமான முடிவை எடுத்துக்கொண்டு, ‘வெல்லம் இருக்க வடிகட்டி எதற்கு?’ என்று கேட்கிற நமது அவசரமே இங்கே குற்றவாளி.

தூசியைத் தடுப்பதை விட்டுத் தூசிக்கு மாற்று மருந்து தேடும் இந்த மயக்கம் நமக்கு மாத்திரம் உரியதென்று வெட்கப்பட வேண்டியதில்லை. கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்துச் சுரங்கங்களில், 1943 முதல் 1979 வரை, வேலைக்கு இறங்குமுன் தொழிலாளரை அறையில் நிறுத்திக் கதவை அடைத்து, ‘மெக்கின்டயர் பவுடர்’ என்ற அலுமினியப் பொடியை ஊதிச் சுவாசிக்கச் செய்தார்கள். நுரையீரலில் சிலிக்காவின்மேல் அலுமினியம் படிந்து அதன் நஞ்சை முறித்துவிடும் என்பது அன்றைய சித்தாந்தம். முப்பத்தாறு வருஷம் நடந்த அந்த வைத்தியத்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்புண்டு என்று பின்னாளில் தெரியவந்து, மாகாண அரசு 2022இல் மன்னிப்புக் கோரிற்று. நமது வெல்லம் அவ்வாறு தீங்கு செய்வதன்று. ஆயினும் இரண்டுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே: இயந்திரத்துக்கு அருகே செய்ய வேண்டிய செலவைத் தவிர்த்து, மனித சரீரத்துக்குள் ஏதேனும் ஒன்றைச் செலுத்திச் சரிக்கட்டிவிடலாம் என்பது.

கனடாவரை போவானேன்? கிருஷ்ணகிரியிலிருந்து அதிக தூரமில்லாத கோலார் தங்கச் சுரங்கத்தில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போன தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பாறையைத் துளைத்தார்கள்; கிருஷ்ணகிரி அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1940களில் அங்கே 7,653 தொழிலாளரைப் பரிசோதித்ததில் 3,402 பேருக்கு, அதாவது நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு, சிலிக்கோசிஸ் இருப்பதாகக் கண்டார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதே குவார்ட்ஸ் கலந்த பாறையைத் தரைக்கு மேலே கொண்டுவந்து அறுத்து மெருகேற்றும் நாம், சுரங்கத்தின் இருட்டு இங்கே இல்லை என்பதனாலேயே அதன் ஆபத்தும் இல்லையென்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எவ்வளவு தூசி ஆபத்து என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வெல்லத்தின் மேலுள்ள மதிப்புத் தானே குறையும். அமெரிக்காவில் 2016இல் வகுத்த விதிப்படி, சுவாசிக்கத்தக்க சிலிக்காவின் உச்ச வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். பத்தடி அகலம், இருபதடி நீளம், பத்தடி உயரமுள்ள கார் ஷெட் ஒன்றில், வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 57 கன மீட்டர் காற்று அடங்கும். அந்த அறை முழுவதிலும் மூன்று மில்லிகிராமுக்கும் குறைவான சிலிக்கா பரவியிருந்தாலே வரம்பு நிறைந்துவிடுகிறது! விரல் நுனியில் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு அதைக் காட்டிலும் நூறு மடங்கு கனக்கும். மேலும், மிக நுண்ணிய துகள் அசைவற்ற காற்றிலும் ஆளுயரத்திலிருந்து தரையிறங்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே, ‘தூசி அடங்கிவிட்டது’ என்று கண்ணால் பார்த்துச் சொல்வது, பெரிய துகள் அடங்கிவிட்டது என்பதற்கு மேல் வேறொன்றையும் சொல்வதாகாது.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? வடிகட்டி என்றதும் லட்ச ரூபாய் இயந்திரம் கண்முன் தோன்றி, ‘நமக்கு எட்டாது, வெல்லமே கதி’ என்று திரும்பிவிடுகிறார்கள். 2020இல் கொள்ளை நோய்க் காலத்தில், ரிச்சர்டு கார்ஸி என்ற அமெரிக்கப் பொறியியல் பேராசிரியரும், டெக்ஸாஸில் வடிகட்டி தயாரிக்கும் ஜிம் ரோசென்தாலும் சேர்ந்து ஓர் எளிய பெட்டியைப் பிரபலப்படுத்தினார்கள்: நான்கு மடிப்பு வடிகட்டிகளைப் பெட்டியின் நான்கு சுவர்களாக நிறுத்தி, அடியை அட்டையால் அடைத்து, மேலே சதுரப் பெட்டி வடிவ விசிறி ஒன்றைப் படுக்கவைத்துக் கட்டி, இடுக்குகளை டேப்பால் ஒட்டினால் தீர்ந்தது. அந்த விசிறி நம்மூர்க் கடைகளில் கிடைப்பதில்லையே என்று மலைக்க வேண்டாம். ஏ.சி. காற்றுக் குழாய்களுக்கென்று விற்கும் இரண்டடிக்கு இரண்டடிச் சட்டமிட்ட வடிகட்டி நான்கு வாங்கி, தரம் எஃப்-7 அல்லது மெர்வ்-13 என்று கேட்டு, அவற்றின்மேல் பிளைவுட் பலகையில் வட்டம் வெட்டிப் பதினெட்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தலாம். டேபிள் ஃபேன் இதற்கு ஆகாது. அதன் இறக்கைக்குத் தடையை எதிர்த்துக் காற்றை இழுக்கும் வலு இல்லை. வடிகட்டிச் சட்டத்திலுள்ள அம்புக்குறி பெட்டியின் உட்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும்; ஃபேன் காற்றை மேலே வெளித்தள்ள வேண்டும். வெளிப்புறத்தில் கழுவத்தக்க செயற்கை இழைத் துணி ஒன்றைச் சுற்றிவிட்டால் பெரிய தூசி அதிலேயே நின்று, உள்ளிருக்கும் விலையுயர்ந்த வடிகட்டி நீடித்து உழைக்கும். தடையையெல்லாம் கழித்து நிமிடத்துக்கு 600 கன அடி காற்று ஓடினாலும், மேலே சொன்ன ஷெட்டின் 2,000 கன அடிக் காற்றுக்கு மணிக்குப் பதினெட்டு முறை சல்லடை விழுகிறது. ஒரு மாத வெல்லக் கணக்கில் இது அடங்காதுதான். ஆனால் ஒரு வருஷத்துப் பட்டறைச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

இந்தப் பெட்டியையும் புதிய வெல்லமாக்கிவிடலாகாது என்பதால் அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் பொறி எட்டும் தூரத்தில் அதை வைத்தால் காகிதமும் இழையும் தீப்பிடிக்கும். அலுமினியத் தூள் பறக்கும் இடத்தில் அந்த அபாயம் பன்மடங்கு. பெயின்டிங் பட்டறையின் தின்னர் ஆவியை அது பிடிக்காது. ஆவி நிறைந்த அறையில் சாதாரண மோட்டாரை ஓடவிடுவதே விபரீதம். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லின் ஓரத்தை உலர்ந்தபடியே ராவுகிறவனின் மூக்குக்கும் பிறக்கும் தூசிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லாதபோது, அறைக் கோடியிலிருக்கும் எந்தப் பெட்டியும் அவனை முந்திக்கொண்டு அந்தத் தூசியை வாங்க இயலாது. அங்கே தண்ணீர் வேண்டும், அல்லது கருவியோடு ஒட்டிய உறிஞ்சுகுழல் வேண்டும். அவற்றோடு, முகத்தில் இறுகப் பொருந்தும் என்-95 மாஸ்க்கும் வேண்டும். துண்டைச் சுற்றிக்கொள்வது மாஸ்க் ஆகாது. அதன் இழை இடைவெளிகள் நுண்தூசிக்கு ராஜபாட்டை.

இது புதிய ஞானமுமன்று. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, உறிஞ்சும் கருவியைத் தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே அமைத்து, அந்த இடத்தை இயன்றவரை அடைக்க வேண்டும் என்று தெளிவாக விதித்தது. சிலிக்கோசிஸை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அச்சட்டம் அட்டவணையிலும் சேர்த்தது. ஆனால் மின்விசையோடு நடக்கும் பட்டறையில் பத்துப் பேருக்குக் குறைவாயிருந்தால் அந்தச் சட்டம் பொதுவாக எட்டிப் பார்க்கவில்லை. எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் தூசி எட்டுப் பேருக்கு ஏற்றபடி மிருதுவாகிவிடுமா என்ன? சட்டம் விட்ட வெற்றிடத்தில்தான் வெல்லம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகவே பட்டறை முதலாளிகளுக்கு என் விண்ணப்பம் இது: வெல்லத்தை நிறுத்தாதீர்கள், உழைத்துக் களைத்தவனுக்கு இனிப்புக் கொடுப்பது நல்ல பழக்கம். அதைத் தூசிக்கு மருந்தென்று சொல்லிக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். கிரைண்டரை ஓட்டுமுன் வடிகட்டியின் ஃபேனை ஓட்டுங்கள். வேலை முடிந்தபின் அரைமணி நேரம் கழித்து அதை அணையுங்கள். தரையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் புறப்படுகிறவன் ஏர் கன்னை எடுத்துத் தன் சட்டைமேல் அடித்துக்கொண்டு, பகலெல்லாம் படிந்த தூசியை மறுபடி தன் மூக்குக்கே கிளப்பிவிடும் அந்த வழக்கத்தை இன்று மாலையே தடுத்துவிடுங்கள்.