உலகமே சந்தை என்னும் பிரமை

நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு கடை கதவடைத்தால், அதன் காரணத்தை விசாரிக்கும் சிரமத்தை இப்போது எவரும் எடுத்துக்கொள்வதில்லை. "ஆன்லைனுக்குப் போகலை, அதான்" என்று டீக்கடை வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு வலைத்தளம் வைத்துக்கொண்டு, கூகுளின் முதல் பக்கத்தில் இடம் பிடித்து, அமேசானிலோ ஃபிளிப்கார்ட்டிலோ சரக்கை ஏற்றிவிட்டால் பத்தடிக் கடைக்காரனும் கோடீசுவரக் கம்பெனிக்குச் சமதையாகிவிடுவான். உலகமே அவனுக்குச் சந்தையாகிவிடும். அப்படியும் ஒருவன் நொடித்துப்போனால் அது அவனுடைய சோம்பலுக்கும் அறியாமைக்கும் கிடைத்த தண்டனையே என்கிற இந்த அபிப்பிராயம், வியாபாரிகள் கூட்டத்திலும் கல்லூரிக் கருத்தரங்கிலும், படித்தவரிடத்தும் படியாதவரிடத்தும், ஒரே மாதிரி வேரூன்றி நிற்கிறது. இது பொய் என்பது மாத்திரமல்ல, அடிபட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற அநியாயமும் ஆகும் என்பது என் கட்சி.

முதலில் இந்த ஊரின் இயல்பைக் கருத வேண்டும். 1956இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் ஸ்தாபிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, வீடு வாசலையும் விளைநிலத்தையும் கொடுத்துவிட்டுப் போன கிராமங்களின் மண்மீது, எண்களையே பெயராகக் கொண்ட வட்டங்களாக எழுந்த நகரியம் இது. நகரியத்துக்குள் கடைக்காரன் நிற்கும் தரை கழகத்தினுடையது; அவனிடம் வாங்குகிறவரின் சம்பளம் கழகத்தினுடையது; அவர் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் கழகத்தினுடையதே. ஒருவர் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வடலூருக்கோ கடலூருக்கோ, பிள்ளைகள் இருக்கும் சென்னைக்கோ போய்விடுகிறார். அவர் செய்த வேலையைப் பல சமயங்களில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி செய்கிறார். அந்தத் தொழிலாளி குடியிருப்பது சுற்றுப்புறக் கிராமத்தில், வாங்குகிற கூலியும் அதற்குத் தக்கபடிதான். ஆகவே இந்த பஜாரின் வரவு, வட்டங்களில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்பதைப் பொறுத்தது. கடையில் கூட்டம் குறைந்ததற்கு இத்தனை பிரத்தியட்சமான காரணம் கண்ணெதிரே இருக்க, கடைக்காரனுடைய கைப்பேசியைக் காட்டிக் குறை சொல்வது என்ன நியாயம்?

விளக்கு எரிகிற வீட்டுக்காரர்களும் இணையத்தில்தானே வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். வாங்குகிறார்கள். அதை எப்படி வாங்குகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விற்றுப் பழுதும் பார்க்கிற ஒரு கடையில் நான் கண்ட காட்சி இது. ஓர் அம்மாள் மகனோடு வந்தார். "இது எத்தனை வாட்ஸுங்க?" என்றார். கடைக்காரர் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கி, பிரித்து, மூன்று ஜாரையும் ஒவ்வொன்றாய்ப் பொருத்தி, "750 வாட்ஸும்மா, தோசை மாவுக்குக்கூடத் தாங்கும், ஆனா சட்னி ஜாரை முழுசா ரொப்பாதீங்க" என்று ஓட்டியும் காட்டினார். பையன் பெட்டியின் மேலிருந்த மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்து தாயின் காதில் ஏதோ சொன்னான். "அப்புறமா வர்றோம்ண்ணே" என்று போய்விட்டார்கள். சில வாரங்களுக்குப் பின் அதே அம்மாள் அதே மாடல் மிக்ஸியைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு வந்து, ஜார் சுற்றவில்லை, கம்பெனிக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று கடைக்காரர் கேட்கவில்லை. தேய்ந்துபோன கப்ளரைக் கழற்றி வேறு மாட்டி, நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

இந்த மனிதருக்கு வலைத்தளம் ஒன்று இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? அந்த அம்மாளுக்குக் கடை இருப்பது தெரியாமலா போயிற்று? கடைக்குள்ளேயே நின்றுதானே இன்னோரிடத்தில் வாங்க நிச்சயித்தார்? சரக்கைக் காட்டுவது, விளக்குவது, பழுது பார்ப்பது ஆகிய செலவெல்லாம் இவர் தலையில். விற்பனை மாத்திரம் வேறொருவருக்கு. நூற்றுக்கணக்கில் கொள்முதல் செய்கிறவனுக்குக் கம்பெனி தருகிற விலையும், மாதம் ஐந்தாறு எடுக்கிறவருக்குத் தருகிற விலையும் வேறு வேறாக இருக்கும்வரை, அவர் எந்த வலையில் எத்தனையாவது பக்கத்தில் தெரிந்தாலும் அந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். வியாதி விலையில் இருக்கையில் விளம்பரத்தை மருந்தாகக் கொடுப்பவரை வைத்தியர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேடுபொறியைப் பற்றிய பிரமை இன்னும் பெரிது. அது நூலகத்து அட்டவணையைப் போல, தரமானதை முன்னே வைத்து மற்றதைப் பின்னே வைக்கும் பட்சபாதமற்ற யந்திரம் என்று பலர் மெய்யாகவே நம்புகிறார்கள். கூகுளை ஸ்தாபித்த பிரின், பேஜ் ஆகிய இருவரும் மாணவர்களாக இருந்த 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே, விளம்பரப் பணத்தில் நடக்கிற தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து, தேடுகிறவருடைய தேவையிலிருந்து விலகிப்போகும் என்று எச்சரித்திருக்கிறார்கள். இரண்டே ஆண்டில், 2000 அக்டோபரில், அவர்களே தேடுசொற்களுக்கு விளம்பரம் விற்கும் முறையைத் தொடங்கினார்கள்; 2002இல் அது கிளிக்குக்கு இவ்வளவென்ற ஏலமாயிற்று. ஒருவர் 'மிக்ஸி' என்று தட்டினால் அந்தச் சொல்லுக்கு யார் எவ்வளவு தருவார் என்ற ஏலம் கண்ணிமைப்பதற்குள் நடந்து முடிகிறது. விளம்பரத்தின் பொருத்தத்துக்கும் மதிப்பெண் உண்டென்றாலும், ஏலம் ஏலந்தான். ஒருவர் கிளிக் செய்தால் பணம். அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம். ஒரு மிக்ஸியில் நிற்கிற சில நூறு ரூபாய் லாபத்திலிருந்து இந்த ஏலத்தொகையைத் தரவேண்டிய நெய்வேலிக்காரரும், நஷ்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கும் மூலதனம் உள்ள கம்பெனியும் ஒரே ஏலத்தில் நிற்பதைச் சமத்துவம் என்று சொல்வதானால், அகராதியைத்தான் திருத்த வேண்டும். நகரியத்துக் கடைக்குக் கழகத்துக்குக் கொடுக்கிற வாடகை போதாதென்று, இது கண்காணாத இரண்டாவது ஜமீன்தாருக்குக் கொடுக்கிற வாடகை. முதல் வாடகையாவது மாதத்துக்கு இவ்வளவென்று காகிதத்தில் எழுதியிருக்கும்.

சிறு கடைக்காரருக்குச் சாமர்த்தியம் போதாது என்பார்கள். சாமர்த்தியத்தில் குறைவில்லாத ஒரு தமிழ்நாட்டு ஸ்தாபனத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் தலைமையகம் கொண்ட பாரத் மேட்ரிமோனி இணையத்திலேயே பிறந்து இணையத்திலேயே வளர்ந்தது; வலை விளம்பரத்தில் அதற்குப் பாடம் சொல்ல ஆளில்லை. அதன் பெயர்ச் சொற்களைத் தேடுகிறவர்களுக்குப் போட்டிக் கம்பெனிகளின் விளம்பரத்தைக் கூகுள் காட்டுகிறது என்று அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடமும் முறையிட்டது. தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாக 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. ஆனால் சொல் ஏலத்தைப் பற்றிய குற்றச்சாட்டை ஏற்கவில்லை. 2024 மார்ச் 1ஆம் தேதி, கட்டணத் தகராறு ஒன்றில், அதே ஸ்தாபனத்தின் செயலிகளைக் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது; மத்திய அரசு தலையிட்ட பிறகே அவை திரும்பின. வக்கீல்களும் பணமும் செல்வாக்கும் உள்ளவருக்கே சொந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள இத்தனை ஆண்டு வழக்காட வேண்டியிருந்ததென்றால், நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்து ஜவுளிக் கடைக்காரரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தைத் தளங்களின் விவகாரமும் இதற்கு இளைத்ததன்று. அமேசானின் இந்தியத் தளத்தில் விற்பனையாளராகப் பதிந்திருந்த நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களில் ஏறக்குறைய 35 பேர் மட்டுமே மொத்த விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கை நடத்தினார்கள் என்று, அந்தக் கம்பெனியின் 2019ஆம் ஆண்டு உள்ஆவணங்களை ஆதாரம் காட்டி, 2021 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பிறர் சரக்கு எப்படி விற்கிறதென்ற விவரத்தைப் பார்த்து அமேசான் தானே அதுபோன்ற சரக்கைத் தயாரித்து, தேடலில் முன்னே நிறுத்தியதாகவும் அதே ஆண்டு அக்டோபரில் மற்றொரு செய்தி வந்தது. கம்பெனி மறுத்தது, விற்பனையாளர்களைப் பட்சபாதமின்றியே நடத்துவதாகச் சொன்னது. மறுப்பை மறுப்பாகவே குறித்துக்கொள்வோம். ஆனால் லட்சக்கணக்கானோர் பதிவு செய்தார்கள் என்ற தொகையை மேடையில் முழங்குகிறவர்கள், அந்த 35 என்ற தொகையை ஏன் உச்சரிப்பதில்லை?

பண்ருட்டிப் பக்கத்தில் வீட்டோடு முந்திரி உடைத்து, பருப்பை வறுத்துப் பொட்டலம் கட்டி விற்கிற ஒருவர் பெங்களூர்க்காரருக்கு இத்தளத்தின் வழியே விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் நேராக விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு அவருக்கு அவசியமில்லை. தளத்தின் மூலம் வெளி மாநிலத்துக்கு ஒரே ஒரு பொட்டலம் அனுப்புவதானாலும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபரில் தரப்பட்ட சலுகைகூட மாநிலத்துக்குள் விற்பவருக்குத்தான். பிறகு விற்பனைக் கமிஷன், முடிப்புக் கட்டணம், எடைக் கட்டணம் என்று தளம் பிடித்துக்கொள்கிற வகைகள். அவற்றோடு தேடலில் மேலே தெரிவதற்கான விளம்பரச் செலவு. பொட்டலம் நசுங்கித் திரும்பினால் அந்த நஷ்டம். கமிஷன் இன்று குறையலாம், நாளை கூடலாம். அதை நிர்ணயிப்பதில் முந்திரிக்காரருக்குப் பங்கில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்தப் பெங்களூர்க்காரர் யார், பருப்பு அவருக்குப் பிடித்ததா, மறுமுறை எப்போது தேவைப்படும் என்ற விவரம் தளத்தின் கஜானாவுக்குப் போகிறதேயன்றி, பருப்பை வறுத்தவருக்கு வருவதில்லை. சிறு வியாபாரியின் மூலதனம் அலமாரிச் சரக்கன்று. இன்னார் வீட்டில் இன்னது வேண்டும், சம்பளம் இத்தனாம் தேதி, இவருக்குக் கடன் கொடுக்கலாம், அவருக்குக் கூடாது என்று அவன் மனத்திலும் கணக்கு நோட்டிலும் சேர்த்து வைத்திருக்கிற பரிச்சயந்தான். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு 'உலகச் சந்தை'யை வாங்குவது, விதைநெல்லை விற்று விருந்து வைப்பதாகும்.

இந்த நம்பிக்கையை வைத்துப் பிழைக்கிற ஒரு கூட்டமும் உண்டு. "சார், உங்க கடையை கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜ்ல கொண்டுவந்துடுறோம், கேரண்டி" என்று நெய்வேலிக் கடைகளுக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளை அறியாதார் இல்லை. முதலிடத்துக்கு உத்தரவாதம் தர எவராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருப்பதை அவர்கள் சொல்வதில்லை. பணம் கட்டியான பின் காட்டுகிற சாட்சியம் வெகு விநோதமானது: கடைக்குள் நின்றுகொண்டே, கடைக்காரரின் கைப்பேசியிலேயே, கடையின் முழுப்பெயரையும் ஊரையும் சேர்த்துத் தட்டுகிறார்கள், அந்தக் கடையே முதலில் வருகிறது! உள்ளூர்த் தேடலில் பொருத்தமும் தூரமும் பிரபலமும் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டு, அந்தத் தரையிலேயே நிற்கிறவருக்கு அது வராமல் வேறு எது வரும்?

இணையத்தால் பிரயோஜனமே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. கடையின் பெயர், சரியான தொலைபேசி எண், எத்தனையாவது வட்டம், திறந்திருக்கும் நேரம், இவற்றைக் கூகுள் வரைபடத்தில் பதிந்து வைப்பதற்குக் கட்டணமில்லை. அதைச் செய்யாதவர் செய்ய வேண்டும். நானறிந்த பலகாரக் கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போன வாடிக்கைக்காரர்களின் எண்களை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு முன் அதிரசத்துக்கும் முறுக்குக்கும் ஆர்டர் எடுத்துப் பார்சல் அனுப்புகிறார். வலைத்தளமுமில்லை, விளம்பரமுமில்லை; வாடிக்கைக்காரரும் அவருடையவர், எண்ணும் அவருடையது. 1998இல் கழகம் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு, எந்தப் புத்தகமும் வீட்டு வாசலுக்கே வருகிற இந்தக் காலத்திலும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள் என்பதையும் ஞாபகப்படுத்தலாம். விலை மட்டுமே ஜனங்களை நடத்துகிறது என்று கருதுகிறவர் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

பிறர் தரையில் இனாமாகக் கட்டிய வீட்டின் ஆயுளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2011இல் இந்தியச் சிறு வியாபாரிகளுக்கு இலவச வலைத்தளம் என்று கூகுள் ஓர் இயக்கம் நடத்தியது. பின்னர், வரைபடப் பதிவோடு ஒட்டி, சில நிமிஷத்தில் வலைத்தளம் செய்துகொள்ளும் வசதியையும் தந்தது. 2024 மார்ச்சில் அந்த வலைத்தளங்கள் அத்தனையையும் அதுவே மூடிவிட்டது. பில் புத்தகத்திலும் கைப்பையிலும் அந்த விலாசத்தை அச்சடித்து வைத்தவர்கள் அச்சுக்கூலியை யாரிடம் கேட்பது? அடுத்த முகாமில் 'ஆன்லைனுக்கு வாருங்கள்' என்று உபதேசிக்க வருகிற அதிகாரியும் பேராசிரியரும் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.

மிக்ஸிக் கடைக்காரர் தமக்கென்று ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருக்கிறார். முதல் பக்கத்துக்காரர்கள் கூப்பிட்டால், "முதலிடமெல்லாம் வேணாம் தம்பி. உங்களால எத்தனை பேர் போன் பண்ணாங்க, அதுல எத்தனை பேர் வாங்கினாங்கன்னு மூணு மாசக் கணக்கு காட்டு, காட்டின அன்னிக்கே பணம் தர்றேன்" என்கிறார். கணக்கோடு இதுவரை ஒருவரும் திரும்பி வரவில்லையாம்.