பதுளையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் எதிரணியின் பலமும்

சென்ற மாதம் பதுளையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர். என்னைவிட இருபது வயது இளையவர். 'அண்ணே' என்றுதான் அழைப்பார். அவருடைய பையன்கள் மாகாண மட்ட உதைபந்தாட்டத்தில் வென்று தேசிய மட்டத்துக்குத் தெரிவாகியிருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே கொழும்பின் பெயர்பெற்ற கல்லூரியொன்றைச் சந்திக்க வேண்டும்.

"நீங்க முப்பது வருஷமா பத்திரிகையில இருக்கீங்க. அந்த டீம் எப்படிண்ணே? கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டார்.

மளமளவென்று சொல்லத் தொடங்கினேன். கல்லூரி தொடங்கிய ஆண்டு, வென்ற கிண்ணங்கள், தேசிய அணிக்குப் போன பழைய மாணவர்கள் என்று பத்து நிமிடம் பேசியிருப்பேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அதெல்லாம் சரிண்ணே. இந்த வருஷம் கோல் காப்பாளர் யாரு? பின்களத்துல இடது பக்கம் நிக்கிற பையன் எந்தக் காலால உதைப்பான்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கல்லூரியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. களமிறங்கப் போகும் பதினொரு பேரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பாடசாலை அணி என்பது விசித்திரமானது. கழக அணியில் ஒரு வீரர் பத்தாண்டுகள் ஆடக்கூடும். பாடசாலையில் பத்தொன்பது வயதானால் பையன் போய்விடுகிறான். நான்கு ஆண்டுகளுக்கு முன் கிண்ணம் வென்ற அணியில் இன்று அநேகமாக ஒருவரும் எஞ்சியிருக்க மாட்டார்கள். ஆனால் சட்டையின் நிறம் அதேதான். கால்கள் போன பின்னும் புகழ் மட்டும் அந்தச் சட்டையிலேயே தங்கிவிடுகிறது. போட்டிக்கு முந்திய நாள் 'முன்னோட்டம்' எழுதுகிற நாங்கள் பெரும்பாலும் எடைபோடுவது அந்தச் சட்டையைத்தான்.

இதை நான் பிறருக்குச் சொல்லும் குற்றச்சாட்டாக எழுதவில்லை. பேராதனையில் கலைப்பட்டம் முடித்து ஆசிரியபீடத்தில் சேர்ந்த புதிதில், நானே மலையக அணியொன்றை 'அனுபவமற்ற அணி' என்று இரண்டு சொற்களில் முடித்து எழுதியிருக்கிறேன். அவர்கள் ஆடியதை நான் பார்த்ததேயில்லை. மலையகத்தானாகிய நானே அப்படி எழுதினேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. ஏனென்றால் அந்த இரண்டு சொற்கள் பையன்களை என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

1986-இல் நானும் அப்படியொரு அணியில் இருந்தேன். எங்கள் முன்களத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறிவிட்டான். 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைத் தலைகளாக எண்ணிப் பங்கிட்டபோது, எந்தத் தோட்டத்து அணிக்கு யார் இல்லாமற் போவார் என்று எவரும் கணக்கிட்டிருக்கப் போவதில்லை. எஞ்சியவர்கள் பதுளையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். ஜூலைக் கலவரம் நடந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ரயிலில் தமிழில் சத்தமாகப் பேச வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். விடிய விடிய மௌனமாகவே பயணம் செய்தோம்.

மைதானத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது எதிரணியினரின் பூட்ஸ். பதினொரு பேருக்கும் இருந்தது. மாற்று வீரர்களுக்கும் இருந்தது. எங்களில் ஐந்து பேரிடம் மட்டுமே இருந்தது, அதிலும் இரண்டு சோடி இரவல். 1911-இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணியில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியைத் தோற்கடித்துக் கேடயம் வென்ற கதையெல்லாம் அன்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் உடற்பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மத்தியஸ்தர் விசில் ஊதும் முன்பே எங்கள் ஆட்டம் முடிந்துவிட்டது. இடைவேளையின்போது நான்கு கோல்கள் வாங்கியிருந்தோம்.

இரண்டாம் பாதியில் வாங்கியது ஒரேயொரு கோல். காரணம் வீரமல்ல. இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பின்கள வீரன் சொன்னான்: "டேய், அந்த ஒன்பதாம் நம்பர்க்காரன் இடது பக்கம் திரும்பவே மாட்டேங்கிறான். கவனிச்சியா?" கவனித்தோம். உண்மை. வலப்பக்கத்தை அடைத்தோம், அவன் முடங்கிப்போனான். நாற்பத்தைந்து நிமிடம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அப்போதுதான் கால்களைப் பார்த்தோம். ரயிலேறும் முன் எவராவது அந்த ஒரு தகவலைச் சொல்லியிருந்தால் வென்றிருப்போம் என்று சொல்லமாட்டேன்; ஐந்து கோல்களால் தோற்றிருக்கமாட்டோம்.

பலமுள்ளவர்களும் இதே தவற்றைச் செய்வதுண்டு. 1966 உலகக் கிண்ணப் போட்டியில், அதற்கு முன் இரு முறை உலகக் கிண்ணம் வென்றிருந்த இத்தாலி மிடில்ஸ்பரோ நகரில் வடகொரியாவைச் சந்தித்தது. இத்தாலியின் துணைப் பயிற்சியாளர் கொரியரின் ஆட்டத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்திருந்தார். பார்த்துவிட்டு வந்து அவர் தந்த மதிப்பீடு ஏளனம்தான். பாக் டூ-இக் அடித்த ஒரே கோலில் இத்தாலி வெளியேறியது. அவர்களின் வீரர் ஒருவர் காயமடைந்து, மாற்று வீரர் இறங்கும் விதி அன்று இல்லாததால், பத்துப் பேருடன் ஆட நேர்ந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். ஆனாலும் ஊர் திரும்பிய அணியை ஜெனோவா விமான நிலையத்தில் ரசிகர்கள் தக்காளியால் வரவேற்றார்கள். அனுப்பப்பட்டவர் போனார், பார்த்தார், ஆனால் வடகொரியா என்ற பெயர் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

என் நண்பரின் பையன்கள் எங்களைப் போன்றவர்கள் அல்லர். கைத்தொலைபேசி வைத்திருக்கிறார்கள். கொழும்புக் கல்லூரிகளின் ஆட்டங்கள் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாகின்றன. தபப்பரே போன்ற தளங்களில் பார்க்கலாம். ஊவாத் தோட்டத்து மைதானத்துக்கு அந்தக் கமராக்கள் வருவதில்லை. இதைப் புறக்கணிப்பு என்றே இதுவரை எழுதி வந்திருக்கிறேன், புறக்கணிப்புத்தான். ஆனால் ஒரு போட்டிக்கு முந்திய வாரத்தில், எதிரியை நாம் பார்க்கலாம், எதிரி நம்மைப் பார்க்க முடியாது என்றால், அது யாருக்குச் சாதகம்?

நண்பரிடம் அதைச் சொன்னேன். கூடவே, மைதானத்தையும் கவனிக்கச் சொன்னேன். சட்டப்படி உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம் 90 மீற்றர் முதல் 120 மீற்றர் வரை இருக்கலாம். அகலம் 45 முதல் 90 வரை. மலையை வெட்டிச் சமன்செய்த தோட்டத்து மைதானம் எப்போதும் சிறிய கணக்குப் பக்கம்தான் நிற்கும், சில இடங்களில் அதற்கும் குறைவு. உயர அடித்தால் பந்து தேயிலைச் சரிவுக்குள் போய்விடும், எடுத்துவர ஆள் இறங்கவேண்டும். அதனால் நம் பையன்கள் பந்தைத் தரையிலேயே வைத்துக் குட்டையாகக் கொடுத்து ஆடப் பழகியவர்கள். விரிந்த மைதானத்தில் எதிரணி பக்கங்களுக்கு நீளமாக அடித்தால் திகைத்துப் போவார்கள். கொழும்பின் புழுக்கம் வேறு. கடைசி இருபது நிமிடத்துக்கு யாரை மிச்சம் வைப்பது என்பதை இப்போதே யோசியுங்கள் என்றேன்.

திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. செய்யப்போகும் காரியம், தன் பலம், எதிரியின் பலம், துணையாக நிற்பவர் பலம் என்று நான்கையும் அங்கே எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர். முதல் மூன்றைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன். நான்காவதை நண்பர் தானே கண்டுபிடித்தார்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் அழைத்தார். அவருடைய பழைய மாணவர்கள் நான்கைந்து பேர் புறக்கோட்டையில் துணிக்கடைகளிலும் இரும்புக்கடைகளிலும் வேலை செய்கிறார்கள். மலையகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படித்தான் படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வந்துவிடுகிறார்கள். அது தனியே எழுதவேண்டிய விடயம். அவர்களில் இருவர் போயா விடுமுறையன்று அந்தக் கல்லூரி ஆடிய சிநேகபூர்வ ஆட்டமொன்றுக்குப் போய், வேலி ஓரமாக நின்று பார்த்து, கடை பில்லின் பின்பக்கத்தில் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். பத்திரிகைகளில் பெயர் அடிபடும் உயரமான முன்கள வீரனைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. பந்தைப் பிரித்துக் கொடுக்கிற, பெயரே வெளிவராத ஆறாம் இலக்கக் குட்டைப் பையன்தான் ஆபத்து. கோல் காப்பாளர் உயரப் பந்துகளில் கெட்டிக்காரர், தரையோடு வரும் பந்துக்குத் தாமதமாகச் சாய்கிறார். முப்பது ஆண்டுகளில் நான் எழுதிய எந்த முன்னோட்டத்திலும் இவ்வளவு சரக்கு இருந்ததில்லை.

"தரையோட அடிக்கிறது நம்ம பயல்களுக்குப் பழக்கம்தானே" என்றேன்.

"அதைத்தான்ணே தினமும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

போட்டி அடுத்த வாரம். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது இவர்களைப் பார்க்க வந்தார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வரலண்ணே" என்று சிரித்தார். "வந்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. பத்து நாளா இங்க மழையும் பனிமூட்டமும். நம்ம கோல் காப்பாளருக்கே எதிர்க் கோல் கம்பம் தெரியல."