ஒரு குழாய், ஒரு முடிச்சு

குழந்தைகள் இதயப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு நாய்க்குட்டியின் இதய அறுவைச் சிகிச்சைக்கு நிதி திரட்டியபோது பலரும் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "எத்தனையோ பிள்ளைங்க ஆபரேஷனுக்குக் காசில்லாம கஷ்டப்படுதுங்க, நாய்க்குப் போய் இவ்வளவா?" அந்தப் பிள்ளைகளோடுதான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அதனால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது.

பஞ்சு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காப்பகத்தின் வாசலில் அட்டைப்பெட்டியில் கிடந்தவள். வெள்ளைப் பொமரேனியன், மூன்று மாதக் குட்டி இருக்கலாம். தெருவில் பிறந்ததல்ல என்பது பார்த்ததுமே தெரியும். வீட்டில் குட்டி போடவைத்து விற்கிற யாரோ, இது தேறாது என்றானதும் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "சரியா சாப்பிட மாட்டேங்குது ஆன்ட்டி, நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்குது" என்று காப்பகத்துப் பெண் என்னிடம் நீட்டினாள். மார்புக்கூட்டுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினேன். இடது முன்னங்காலின் அக்குளை ஒட்டி, மடியில் படுத்திருக்கும் பூனையின் குர்குர் சத்தத்தைத் தொட்டது போல ஓர் அதிர்வு விரலில் ஓடியது. விட்டுவிட்டு அல்ல, நிற்காமல். தொடையின் உட்புறம் நாடி பார்த்தேன். விரலைத் தூக்கித் தூக்கி அடித்தது. எக்கோ எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை கைக்குழந்தைகளிடம் இதே அதிர்வைத் தொட்டிருக்கிறேன்!

டாக்டர்கள் இதை பி.டி.ஏ. என்பார்கள். கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லை. ஆகவே அங்கே போக வேண்டிய ரத்தத்தைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஒரு சிறு குழாய் இருக்கிறது. பிறந்து மூச்சுவிடத் தொடங்கிய சில நாட்களில் அது சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ரத்தம் எதிர்த்திசையில், பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்கு, ஓயாமல் பாயும். இதயத்தின் இடப்பக்கம் அதே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப இறைத்து வீங்கிப்போகும். கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தே பல சமயம் இதை மூடவைத்துவிடுகிறோம். நாய்களிடம் அந்த மருந்து பலிப்பதில்லை. அவற்றின் குழாய்ச் சுவரில் சுருங்குவதற்கான தசையே பிறவியில் குறைவு. அப்படியே விட்டால், நோயைக் கண்டுபிடித்து ஓராண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்துவிடுகின்றன. நேரத்தோடு மூடிவிட்டால் பெரும்பாலானவை மற்ற நாய்களைப் போலவே ஆயுள் முழுக்க வாழ்கின்றன.

நாய்க்கு இதய ஆபரேஷன் என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் எல்லாம் குழம்பிவிடும். வயதான நாய்களுக்கு மைட்ரல் வால்வு தளர்ந்துபோவதுண்டு. இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு அதைச் சரிசெய்கிற மருத்துவமனைகள் உலகத்திலேயே சிலதான். அதற்காக நாயை விமானத்தில் ஜப்பானுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். 2024-இல் டெல்லியில் ஒரு பீகிள் நாய்க்கு, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்திலேயே வால்வைக் கிளிப் போட்டுச் சேர்த்தார்கள். சொந்தக் காசில் செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டு வயது நாயின் வால்வுக்காக ஊரிடம் கைநீட்ட எனக்கு மனம் வராது. அந்த வயதில் மாத்திரையும் நல்ல கவனிப்பும்தான் நியாயமான வைத்தியம் என்பது என் எண்ணம். பஞ்சுவின் நோய் வேறு. ஒரு குழாய், ஒரு முடிச்சு. செலவு ஒரே தடவை. அதற்குக் கிடைப்பது ஒரு முழு ஆயுள்.

எக்கோ, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, ஆபரேஷன், ஐ.சி.யூ. எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. தொடை வழியாகக் குழலை ஏற்றி உள்ளேயே அடைப்பான் வைக்கிற முறையும் உண்டு. நாய்களுக்கென்றே உலோகக் கம்பியில் பின்னிய அடைப்பான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் ஜாஸ்தி. பஞ்சுவின் தொடைத் தமனியோ அந்தக் குழலுக்கு இடம் கொடுக்காத மெல்லிசு. ஆகவே மார்பைத் திறந்து நூலால் கட்டுவது என்று முடிவாயிற்று.

மருத்துவர் என்னை உள்ளே நிற்க அனுமதித்தார். இடப்பக்கம், நான்காவது விலா இடைவெளி. குழாயைச் சுற்றிப் பட்டு நூலைக் கொண்டுபோவதுதான் கண்டம். அதன் பின்சுவர் கண்ணுக்குத் தெரியாது. வளைந்த இடுக்கியின் நுனியால் தடவித் தடவியே போக வேண்டும், கிழிந்தால் சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நூல் மறுபக்கம் வந்ததும் அவர் சட்டென்று இறுக்கவில்லை. கொஞ்சம் இறுக்குவார், திரையைப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம். தப்பி ஓட வழியில்லாமல் போனதும் ரத்த அழுத்தம் ஏறும், அதை உணர்ந்து துடிப்பு தானாகக் குறையும். எண்கள் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிலைத்தன. மயக்க மருந்து டாக்டர், உணவுக்குழாயில் இறக்கியிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியிருந்தார். "சத்தம் நின்னுடுச்சு சார்" என்றார்.

இந்த முடிச்சை மனிதர்கள் எங்கே கற்றார்கள்? 1938-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் மருத்துவர் ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதே குழாயைக் கட்டினார். பிறவி இதயக் குறைகளை அறுவைச் சிகிச்சையால் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வேர்பிடித்தது. சிறுமியைத் தொடுவதற்கு முன் அவர் கை பழகியது நாய்களிடம். 1944-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம்பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சையை ஆல்ஃபிரெட் பிளேலாக் செய்தார். அதை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து செய்து வடிவமைத்தவர் விவியன் தாமஸ். வங்கி முடங்கி, கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்த பணத்தைப் பறிகொடுத்த கறுப்பினத்தவர். அந்த ஆய்வில் நெடுநாள் பிழைத்திருந்த அன்னா என்ற நாயின் படத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாட்டி வைத்தார்கள். அன்னாவுக்காவது பெயர் இருந்தது. இதய நுரையீரல் இயந்திரத்துக்கும் இதய மாற்றுக்கும் பெயரில்லாமல் செத்த நாய்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. நான் வார்டில் தூக்கி வைத்திருந்த ஒவ்வொரு குழந்தையும் பிழைத்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. பட்ட கடனில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுப்பதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

குழந்தைகளின் பங்கைப் பிடுங்கித்தானே நாய்க்குப் போகிறது என்பவர்களுக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்று அந்த இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இதயத்தைச் சரிசெய்துகொண்டு, காசு கட்டாமல், அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து டாட்டா காட்டிப் போன பிள்ளைகளை நானே வழியனுப்பியிருக்கிறேன். குறைகள் இன்னும் இருக்கின்றன. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, பரிசோதனைக்கு ஊர்விட்டு ஊர் அலைவது, அப்பாவின் கூலி போவது. இவற்றில் எதுவும் நாய்க்கு ஒருவர் கொடுத்த நூறு ரூபாயால் வந்ததல்ல. பஞ்சுவுக்குத் தந்தவர்களில் எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவரும் ஒருவர். இருநூறு ரூபாயைக் கையில் வைத்து, "பொழைக்கட்டும்மா" என்றார். அவரிடம் போய் நான் என்ன கணக்குப் பேசுவது?

தெருநாய்களுக்குப் பயப்படுகிறவர்களின் கோபம் நியாயமானது. ரேபிஸ் வந்த ஒரு குழந்தையைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். கருத்தடையும் தடுப்பூசியும் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சிகளின் பொறுப்பு. வரிப்பணத்தில், விடாமல், முழுசாக நடக்க வேண்டிய வேலை அது. பஞ்சுவுக்கு வசூலிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பணம் கருத்தடைக்குப் போயிருக்கும் என்பது நடக்காத பேச்சு.

உண்மையில் இந்த பில்லைக் கட்டியிருக்க வேண்டியவர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனவர். பி.டி.ஏ. பரம்பரையாக வரக்கூடியது. பொமரேனியன், பூடில், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் கூடுதல். பெண் குட்டிகளுக்கு இன்னும் கூடுதல். அதே தாயையும் தகப்பனையும் மறுபடி சேர்த்தால் இன்னொரு பஞ்சு பிறக்கலாம். நாய் வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் கைப்பேசியில் படம் அனுப்பி, முன்பணம் வாங்கி, பேருந்து நிலையத்தில் குட்டியைக் கைமாற்றுகிற வியாபாரம் வெளிப்படையாகவே நடக்கிறது. பதிவில்லாமல் விற்பவரிடம் அபராதம் வாங்கி, அதையே இந்தக் குட்டிகளின் சிகிச்சைக்குத் திருப்பிவிடச் சொல்லி வாரியத்துக்கு எழுதியிருக்கிறேன்.

1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்று வேப்பேரியில் இருக்கிறது. கற்றுத் தேர்ந்த கைகள் இருக்கின்றன. ஆதரவற்ற பிராணிகளின் காப்பகங்களுக்காக வள்ளலார் பெயரில் அரசு 2022-இல் ஒரு திட்டத்தையும் அறிவித்தது. ஒரே ஆபரேஷனில் தீர்ந்துவிடுகிற பிறவி இதயக் குறைகளுக்கு மட்டும், காப்பகக் குட்டிகளுக்கு மட்டும், அங்கே ஒரு சிறு நிதி ஒதுக்கினால் ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் ஊரைக் கெஞ்ச வேண்டியிருக்காது. அதுவரை நிதி திரட்டுகிறவர்கள் பணத்தை நேராக மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டச் சொல்லட்டும். நாங்கள் ஒவ்வொரு ரசீதையும் காப்பகத்து வாசல் பலகையில் ஒட்டினோம். மிஞ்சிய தொகை பஞ்சுவின் கருத்தடைக்குப் போனது. அவளுக்கு அது கட்டாயம் செய்ய வேண்டியது.

தத்தெடுப்பு முகாம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குட்டிகளுக்குத் தடுப்பூசி போட வரும் மருத்துவர் மார்பின் நடுவில் மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுத்துவிட்டால் இந்தச் சத்தம் தவறிப்போகலாம். அது பெரும்பாலும் மேலே, இடது அக்குளுக்குள் ஒளிந்திருக்கும். முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, அங்கே அரை நிமிடம் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.