அந்த இரவுக்குப் போய்ப் பயனில்லை

டைட்டானிக் கிளம்புவதற்கு முந்தின நாளுக்கு ஒரே ஒரு ஆள் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தால் ஆயிரத்து ஐந்நூறு உயிர்கள் பிழைத்திருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் அறிவியல் கதைகளை வாரப் பத்திரிகைகளில் படித்து வளர்ந்த தலைமுறைக்குக் காலப்பயணம் புதிதும் இல்லை. அரியலூர் ரயில் விபத்தைப் பற்றிப் பேசும்போதும் இதையேதான் சொல்கிறார்கள்: "முதல் நாள் ராத்திரி யாராவது போய்ச் சொல்லியிருக்கணும்." இந்த நம்பிக்கை தவறு என்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். 1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது லால்குடி, ஸ்ரீரங்கம் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து திருச்சிக்கு வர வேண்டிய வண்டி. அரியலூர் அப்போது திருச்சி மாவட்டம். மருதையாற்றில் வெள்ளம், பாலத்தை ஒட்டிய மண் கரையைத் தண்ணீர் அரித்துவிட்டது. எஞ்சினும் அதன் பின்னால் வந்த பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

முதல் வாதம், எச்சரிக்கை இல்லாததால்தான் விபத்து நடந்தது என்பது. எச்சரிக்கை இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், மூன்று மாதம்கூட ஆகவில்லை, மகபூப்நகர் அருகே மழை வெள்ளத்தில் பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. மழைக்காலத்தில் ஆற்றுப் பாலம் என்ன செய்யும் என்பதை எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து சொல்ல வேண்டிய நிலையில் இந்த நாடு இல்லை. டைட்டானிக் கதையும் இதேதான். 1912 ஏப்ரல் 14 அன்று பனிப்பாறை இருக்கிறது என்று பல கப்பல்களிலிருந்து கம்பியில்லாத் தந்தி வந்தது. மெசாபா கப்பல் அனுப்பிய செய்தி டைட்டானிக்கை இயக்கிய அதிகாரிகளிடம் போய்ச் சேரவேயில்லை. கலிபோர்னியன் கப்பலிலிருந்து பேசியவரை, வேலையாக இருக்கிறேன் என்று டைட்டானிக்கின் தந்தி இயக்குநர் இடைமறித்து நிறுத்திவிட்டார். அதே கடலில், அதே ராத்திரியில் இருந்தவர்களின் பேச்சே எடுபடவில்லை.

இரண்டாவது வாதம், சாட்சியோடு போனால் நம்புவார்கள் என்பது. மறுநாள் செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அரியலூர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவர் நல்லவர், நம்பியும்விட்டார். வண்டியை நிறுத்திவைக்கிறார். அதனாலேயே அந்தச் செய்தித்தாள் பொய்யாகிவிடுகிறது. யாரும் சாகவில்லை, எக்ஸ்பிரஸ் சில மணி நேரம் தாமதம், மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம். தடுக்கப்பட்ட விபத்துக்குச் சாட்சி கிடையாது. அடுத்த முறை அதே அதிகாரி வண்டியை நிறுத்துவாரா?

மூன்றாவதுதான் வலுவான வாதம். அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம், சிவப்பு விளக்கோடு தண்டவாளத்தில் நின்றால் போதுமே? போதும். நீராவி எஞ்சின் ஓட்டுநர் மழை இருட்டில் அந்த விளக்கைப் பார்த்துவிட்டால் வண்டி நிற்கலாம். பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் காலையில் உயிரோடு இறங்கியிருப்பார்கள். அதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அதற்குக் காலப்பயணி எதற்கு? கரையோரம் ரோந்து போகிற ஒரு கேங்மேன், விளக்கு, தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறி வெடிக்கும் பட்டாசு போதும். மூன்றுமே 1956-இல் உலகத்தில் இருந்தவை. மேலும், அந்த ஒரு வண்டி தப்பியதால் கரை பலமாகிவிடாது. அடுத்த மழை, அடுத்த வண்டி என்று ஆபத்து அப்படியே காத்திருக்கும்.

எனவே தடுக்கப் போகிறவன் அந்த இரவுக்குப் போகக் கூடாது. பல ஆண்டுகள் முன்னால் ஓர் அலுவலக மேசைக்குப் போக வேண்டும். டைட்டானிக்குக்கு உயிர்காப்புப் படகு எத்தனை என்று முடிவு செய்தது 1894-ஆம் ஆண்டு விதி. அதன் உச்சவரம்பு பத்தாயிரம் டன் கப்பல். டைட்டானிக் 46,000 டன். மேல்தளத்தில் நின்று எவ்வளவு கத்தினாலும் படகு கூடியிருக்காது. இங்கேயும் அப்படித்தான். அரியலூருக்குப் பிறகுதான் ஏ.என். கோஸ்லா தலைமையிலான பொறியாளர் குழு, பாலங்களுக்கு வெள்ள அளவைக் கணக்கிடும்போது ஐம்பது ஆண்டுப் பதிவையாவது பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அத்தனை பேர் செத்ததால்தானே அந்தப் பரிந்துரை வந்தது என்று சிலர் சமாதானம் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. மகபூப்நகரே போதுமான காரணம்.

நடந்தே தீரும், விதியை யார் மாற்ற முடியும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்கள் கொள்ளிடக் கரைக்கு வந்தால் போதும். திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலம் 1928-இல் கட்டியது. வயதாகிவிட்டது என்று பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2016-இல் வாகனங்களை அதற்கு மாற்றினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்து ஒரு பகுதி ஆற்றோடு போனது. ஒரு பேருந்துகூட அதில் இல்லை. அந்த இரவுக்கு யாரும் பின்னோக்கிப் பயணம் செய்யவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலை முடிந்திருந்தது. அதே மாதம், அதே வெள்ளத்தில், மேற்கே முக்கொம்பில் 1836-இல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. பழையதாகிவிட்டது என்பது அங்கேயும் எல்லாருக்கும் தெரியும். மாற்று வேலை மட்டும் உடைந்த பிறகுதான் தொடங்கியது.

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் கார்டு லைன் வண்டிகள் இன்றும் மருதையாற்றைக் கடந்துதான் போகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் லால்குடிப் பக்கமோ அரியலூர்ப் பக்கமோ தண்டவாளக் கரையைத் தண்ணீர் அரிப்பதைப் பார்த்தால், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். ரயில்வே உதவி எண் 139. உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.